ரோட்டுக்கு ஆகாத வண்டி

பிரவுன் பேப்பர் குறைந்துகொண்டே வந்ததில்தான் அவளுக்கு முதல் சந்தேகம் தட்டியது. துணியில் கத்தரிக்கோலை வைப்பதற்கு முன்னால் அளவை வரைந்து பார்க்கிற பேப்பர் அது. சுருளாக வாங்கித் தையல் மிஷினுக்குப் பின்னால் சுவரோரம் நிறுத்தி வைத்திருப்பாள். தையல்காரி வீட்டில் நூல் காணாமல் போகும், ஊசி போகும், பொத்தான் போகும்; அதற்கெல்லாம் பழகிவிட்டாள். பேப்பரை எடுத்துக்கொண்டு போய் யார் என்ன செய்யப் போகிறார்கள்? எலி என்றால் கடித்த தடம் இருக்கும். இதுவோ நூல் பிடித்த மாதிரி நேராக வெட்டியிருந்தது. நேர்க்கோடு என்றதும் அவளுக்குப் புருஷன் ஞாபகம் வந்துவிட்டது.

அவனுக்கு அந்தத் தெருவில் ரசமட்டம் என்று பெயர். வெல்டிங் வேலை. கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி என்று வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுச் செய்துகொண்டிருந்தான். சட்டைப் பையில் பேனா வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இவன் கால்சட்டைப் பையில் ஒரு குட்டி ரசமட்டம் வைத்திருப்பான். போகிற இடத்திலெல்லாம் அதை எடுத்து வைத்துக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்க்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாட்டு மேஜை மேல் வைத்துப் பார்த்து, "கொஞ்சம் அந்தப் பக்கம் சாயுது" என்று சொல்லி அவள் மானத்தை வாங்கியவன். வீட்டில் கட்டில், அடுப்பு, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் அடியில் அட்டைத் துண்டு கொடுத்து மட்டம் பண்ணியிருந்தான்.

மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த மாதம் அது. தகரத்தின் மேல் தண்ணீர் விழுகிற இரைச்சலில் கொட்டகைக்குள் என்ன நடக்கிறது என்று வீட்டுக்குள் கேட்காது. ஒரு நாள் டீ டம்ளரோடு சத்தமில்லாமல் போய் நின்றாள். இரும்பு மேஜையின் நடுவில் ஒரு இன்ஜின் உட்கார்ந்திருந்தது. பெரிய பைக்கின் ரெட்டை சிலிண்டர் இன்ஜின். நல்ல ரோட்டில் பறப்பதற்கென்று செய்தது. ஒரு ஆள் தனியாகத் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். அதைச் சுற்றி வளைத்த குழாய்கள் கிளாம்ப்புகளில் நின்றன. ஒரு குழாயின் முனையில் அவளுடைய பேப்பர் சுற்றியிருந்தது.

"இது என் பேப்பர்."

"ஒரு முழம் எடுத்தேன். அதுக்கு ஏன் இப்படிப் பாக்கற?"

"எதுக்கு எடுத்தீங்க?"

"ஒரு கொழாயோட வயித்துல இன்னொரு கொழா போய் ஒக்காரணும்னா முனைய வாய் மாதிரி வளைச்சு வெட்டணும். கண்ணளவுல வெட்டுனா சந்து விழும். பேப்பரச் சுத்தி வரைஞ்சு வெட்டுனா கச்சிதமா கவ்விக்கும்."

அவன் பேப்பரைப் பிரித்துக் காட்டினான். நடுவில் மேலெழும்பி இரண்டு பக்கமும் இறங்குகிற வளைவு. சட்டைக் கைக்குத் தோள் பக்கம் அவள் வெட்டுகிற வளைவு அப்படியே இருந்தது.

"யாருக்குக் கை வைக்கிறீங்க?"

"வண்டிக்குத்தான். கல்லு, மண்ணு, சேறு, மேடு, எல்லாத்துலயும் ஓட்டற வண்டி. நீ ஒடம்ப வச்சுத் துணி வெட்டற மாதிரி நான் இன்ஜின வச்சு ஃப்ரேம் கட்டறேன்."

"யாரு ஆர்டர்?"

"ஒரு ஆளு."

"எந்த ஆளு?"

"தெரிஞ்ச ஆளுதான். டீ ஆறுது, குடு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் பதில் இப்படி வழுக்கி அவள் பார்த்ததில்லை. ஒரு கேட் செய்தால்கூட எந்த வீடு, வாசல் தரை எந்தப் பக்கம் சரிகிறது, வீட்டுக்காரர் எப்படிப்பட்ட கஞ்சர் என்று கேட்காமலே ஒப்பிக்கிறவன். அவனுக்கு ரகசியம் தங்காது. தங்குகிறதென்றால் அது சாதாரண ரகசியமில்லை என்று அவளுக்குப் பட்டது.

தெருமுனை பேக்கரிக்காரி தன் மகள் யூனிஃபார்மை நீளம் இறக்கித் தைக்கக் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டுப் போகிற ரகமில்லை. அடுத்தவர் வீட்டில் அடுப்பு புகைந்தால் இவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தபடியே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அண்ணன் ஏதோ பைக்கு கட்டறாராமே?"

"ஆமா. யாரோ ஆர்டர்."

"யாரோவா? உங்ககிட்டகூடச் சொல்லலியா?"

"நான் கேக்கல."

"நீங்களா? கேக்காமயா?" என்று சிரித்தாள் பேக்கரிக்காரி. "நேத்து முட்டை குடுக்க வந்தப்ப எட்டிப் பாத்தேன்க்கா. முன்னால லைட்டு எங்கண்ணேன்னேன். இதுக்கு லைட்டு வேணாம்னாரு. ஹார்னுன்னேன். எதுக்குன்னாரு. நம்பர் போர்டுன்னேன். சிரிச்சாரு. எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கலக்கா."

"அவர் சிரிச்சா அப்படித்தான் இருக்கும்."

"லைட்டில்ல, ஹார்னில்ல, நம்பரில்ல. இது எந்த மாதிரி வேலைக்குன்னு யோசிச்சுக்குங்க. ஒண்ணு திருட்டுக்கு. இல்லாட்டி..." என்று நிறுத்தி, யூனிஃபார்மின் காலரை நீவினாள். "சீட்டு ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?"

"போடி, வேலையப் பாத்துட்டு."

வாயால் விரட்டிவிட்டாள். மனசுக்குள் அந்தக் கேள்வி சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. மறுநாளே அதற்குப் பதிலும் வந்தது. சீட்டுக்கு உறை தைத்துத் தரச் சொல்லி ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து வெட்டுமேஜையில் வைத்தான் ரசமட்டம். ஒருத்தர் உட்காருகிற சீட்டுதான். ஆனால் ஒடுங்கிப்போய், கத்திபோல இருந்தது. அவள் டேப்பை வைத்துப் பார்த்தாள், புருஷனின் பின்பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"இதுல உங்கள்ல பாதிதான் ஒக்காரும்."

"எனக்குன்னு யார் சொன்னா?"

"அப்ப யாருக்கு?"

"சேத்துல ஓட்டற வண்டிக்கு சீட்டு பேருக்குத்தான். முக்காவாசி நின்னுக்கிட்டேதான் ஓட்டணும்" என்றான், கேட்ட கேள்வியைச் சாமர்த்தியமாகத் தாண்டி.

அன்று அவன் வெல்டிங் ராட் வாங்கப் போன சமயம் பார்த்து அவள் கொட்டகைக்குள் போனாள். ஃப்ரேம் பாதி உருவம் பெற்றிருந்தது. இன்ஜினுக்கு அடியில் போகவேண்டிய சைலன்சர் குழாயைத் திருப்பிப் பக்கவாட்டில் மேலே ஏற்றியிருந்தான்; கல்லில் இடிக்காமல் இருக்கவாம். அடிவயிற்றுக்குக் கவசம் மாதிரி ஒரு தகடு. புது பெயின்ட் வாசனை அடித்தது. இன்ஜினின் இடது பக்க மூடிக்கு மட்டும் ஏன் கறுப்புப் பெயின்ட்? வலது பக்கம் வெறும் அலுமினியமாக இருக்கிறதே. அவள் நகத்தால் சுரண்டினாள். பெயின்ட் உரிந்தது. அடியில் சாய்வாக, நீளமாக, உழுத மாதிரி சிராய்ப்புகள்.

பக்கத்திலிருந்த டப்பா மேல் உட்கார்ந்தாள். அந்தச் சிராய்ப்பை அவளுக்குத் தெரியும். அவளுடைய தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சாப்பாட்டுத் தூக்கோடு வீட்டைவிட்டு இறங்குகிற ஒவ்வொரு தடவையும், வாசலில் அவனுடைய நொறுங்கிய வண்டிமேல் போட்டிருந்த தார்ப்பாய்க்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த அந்த மூடியைப் பார்த்துக்கொண்டுதான் போனாள்.

தம்பி அப்போது பார்சல் கம்பெனியில் பைக்கில் சரக்கு கொண்டுபோகிறவன். ஆசைப்பட்டு அந்தப் பெரிய வண்டியை வாங்கினான். மழை பெய்த ரோட்டில், வளைவில், சறுக்கிப் போய்த் தடுப்புச் சுவரில் மோதினான். இடது கால் வண்டிக்கு அடியில். எலும்பைச் சேர்த்துக் கம்பி வைத்து ஆஸ்பத்திரியில் அவனைத் திருப்பிக் கொடுத்தபோது, கால் கொஞ்சம் குட்டையாக இருக்கும் என்று டாக்டர் பொத்தாம்பொதுவாகச் சொன்னார். அவள் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. உயிரோடு இருக்கிறான், அது போதும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே ரோட்டுல வண்டி ஓட்டமாட்டேன்னு சொல்லுடா." அவன் கூரையைப் பார்த்தபடி சொன்னான், "இனிமே ரோட்டுல வண்டி ஓட்டமாட்டேன்." அதற்கப்புறம்தான் அவளுக்குச் சோறு இறங்கியது. நொறுங்கிய வண்டியைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னாள். போட்டாயிற்று என்றான் புருஷன்.

ராத்திரி சாப்பாட்டில் முட்டையும் உருளைக்கிழங்கும் இருந்தன. மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். தம்பி இப்போது அவர்களோடுதான் இருந்தான். அதே பார்சல் ஆபீஸில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடை சொல்கிற வேலை.

"ஏங்க, பழைய இரும்புக்குப் போட்டோமே அந்த வண்டி, அதோட இன்ஜினையும் சேத்துத்தானே போட்டீங்க?"

"ம்."

"கொட்டகையில இருக்கறதுக்கு எடது பக்கம் சிராய்ப்பு இருக்கே."

"பழைய இன்ஜின்னா சிராய்ப்பு இருக்கத்தான் செய்யும். எந்த வண்டி விழாம இருந்திருக்கு?"

"அதுக்கு மேல எதுக்குப் பெயின்ட்டு?"

"துருப்பிடிக்காம இருக்க."

"அலுமினியம் எங்கேங்க துருப்பிடிக்கும்? எனக்குக் காது குத்தி ரொம்ப நாளாச்சு."

ரசமட்டம் தண்ணீர் டம்ளரை எடுத்தான். அதே நேரத்தில் தம்பியும் எடுத்தான். இரண்டு பேரும் ஒரே மாதிரி மடக் மடக்கென்று குடித்தார்கள். திருட்டு முழி என்பது ஒருத்தர் முகத்தில் இருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம்.

அதற்கப்புறம் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்க ஆரம்பித்தாள். தம்பி குளிக்கும்போது சீட்டியடிக்கிறான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவன் சீட்டியடித்து அவள் கேட்டதே இல்லை. சந்தோஷப்பட வேண்டிய அக்கா கதவோரம் நின்று ஒட்டுக் கேட்டாள். புருஷன் ருசி இல்லாத குழம்பைக்கூட ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறான். கொடியில் காய்ந்துகொண்டிருந்த தம்பியின் பேன்ட் ஒன்று ஒருநாள் காணோம். மறுநாள் அதே கொடியில் தொங்கியது. எடுத்துப் புரட்டினாள். உள்காலில், தையல் ஓரமாக, கட்டைவிரல் அகலத்துக்குக் கிரீஸ் அப்பியிருந்தது. பேன்ட்டுக்கு நடமாட வந்துவிட்டதா என்ன?

தம்பியைப் பிடித்துக் கேட்டாள்.

"என்னடா இது கறை?"

"ஆபீஸ்ல தராசுல பட்டிருக்கும்க்கா."

"உள்கால்லயா? தராசு மேல ஏறிக் குதிரை ஓட்டுனியா?"

"விடுக்கா, சோப்பு போட்டா போயிடும்" என்று சொல்லிவிட்டு விந்தி விந்தி அறைக்குள் போய்விட்டான். கால் விஷயத்தில் அவன் அப்படித்தான். யாரையும் பார்க்க விடமாட்டான். எத்தனை வெயிலானாலும் வீட்டுக்குள்கூட முழு பேன்ட்தான். டேப்பை வைத்து அளக்க அவளை மட்டும்தான் விடுவான், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

வண்டிக்குச் சக்கரம் வந்துவிட்டது. முன்னும் பின்னும் முள்ளு முள்ளாக டயர். சீட்டு உறையைக் கொடுக்கப் போனவள் வண்டியை முன்னாலிருந்து பார்த்தாள். பார்த்த நிமிஷத்தில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட் இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை. இடது பக்கம் மேலே நின்றது. அதோடு சேர்ந்து கியர் லீவரும் மேலே ஏறியிருந்தது.

"என்னங்க இது? ஊரெல்லாம் மட்டம் பாத்துட்டு நம்ம வீட்டுலயே கோணலா? தெருவுல சொன்னா பேர மாத்திடுவாங்க."

அவன் கோபப்படுவான், பையிலிருந்து கருவியை எடுத்து வாதாடுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் நட்டு முறுக்கிக்கொண்டே, "அது அப்படித்தான்" என்றான்.

"எது அப்படித்தான்?"

"அது அப்படித்தான்னு சொன்னேன்ல."

அவள் சிரிப்பு நின்றது. கட்டில் காலுக்கு அட்டை வைக்கிறவன், ஒரு குமிழி நகர்ந்தால் பண்ணின கேட்டையே அறுத்துப் போடுகிறவன், கண்ணெதிரே கோணலாக இருப்பதைப் பார்த்து 'அது அப்படித்தான்' என்கிறான். அப்படியென்றால் இது கோணல் இல்லை, அளவு. யாருடைய அளவு? கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தாள். மறிக்க வந்த அவன் கையைத் தட்டிவிட்டு, தரையிலிருந்து வலது பக்கம் அளந்தாள், இடது பக்கம் அளந்தாள். வித்தியாசம் சரியாக ஒரு இஞ்சு.

டேப்பைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

"டேய்!" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "வெளிய வாடா!"

தம்பி வந்து கொட்டகை வாசலில் நின்றான். கையும் களவுமாகப் பிடிபட்ட முகம்.

"இது உனக்குத்தானா?"

அவன் மாமாவைப் பார்த்தான். மாமா நட்டைப் பார்த்தான்.

"அங்க என்னடா பார்வை? என் கையப் பிடிச்சு என்ன சொன்ன நீ?"

"ரோட்டுல வண்டி ஓட்டமாட்டேன்னு சொன்னேன்."

"அப்ப இது என்ன?"

"இது ரோட்டு வண்டி இல்லக்கா" என்றான் தம்பி. தயங்கினாலும் பாடம் பண்ணி வைத்திருந்தது தெரிந்தது. "ரோட்டுக்கே ஆகாத வண்டி. லைட்டில்ல, ஹார்னில்ல. ரோட்டுல விடவே மாட்டாங்க. வேன்ல ஏத்தி ஆத்தங்கரைப் பக்கம் மைதானத்துக்குக் கொண்டுபோய் எறக்கி, மண்ணுல மட்டும்தான் ஓட்டுவேன். சொன்ன சொல்ல மீறல."

ஒரு வண்டியையே அந்த ஒரு வார்த்தையைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள் இரண்டு பேரும்.

"யாரோட யோசனை இது?"

"என்னுதுதான்" என்றான் ரசமட்டம், முதல்முறையாக நிமிர்ந்து. "இன்ஜின விக்கல நான். மனசு வரல. அது என்னம்மா தப்பு பண்ணுச்சு? இவன் தராசு பக்கத்துல ஒக்காந்து ஒக்காந்து தராசாவே ஆயிட்டான். ஒரு வார்த்தை பேசறானா? நீ நல்லாருக்கான்னு நெனைக்கற. நான் அப்படி நெனைக்கல."

"விழுந்தான்னா?"

"மண்ணுல விழுந்தா மண்ணுலதான் விழுவான்."

"நல்லாருக்கு உங்க நியாயம்" என்றாள். அழுகை வந்துவிட்டது. உறையை வண்டி மேல் வீசிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மிஷின் முன்னால் உட்கார்ந்த பிறகுதான், கோபத்துக்கு அடியில் கிடந்த இன்னொன்று தலைதூக்கியது. ஒரு இஞ்சு. அந்த ஒரு இஞ்சு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கட்டுப் பிரித்தபின் தம்பிக்கு முதல் பேன்ட் தைத்தபோது அவள் அளந்தது இரண்டு இஞ்சு. இடது கால் அவ்வளவு குறைந்திருந்தது. அளந்தபடி தைத்துக் கட்டில் மேல் விரித்து வைத்தாள். அவன் பார்த்தான். ஒரு கால் நீளமும் ஒரு கால் குட்டையுமாகக் கிடந்த அந்த பேன்ட்டைத் தொடவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். எழுந்திருக்கவே இல்லை. அவள் பேன்ட்டை எடுத்துப்போய்ப் பிரித்தாள். கீழே ஒரு இஞ்சு மட்டும் குறைத்தாள். மிச்ச ஒரு இஞ்சை மேலே கொண்டுபோய் இடுப்புப் பட்டிக்குள் மடித்து, பெல்ட் மறைக்கிற இடத்தில் தைத்துவிட்டாள். போட்டால் சரியாக நிற்கும்; மடித்து வைத்தால் உள்காலில் ஒரு இஞ்சுதான் வித்தியாசம் தெரியும். "அளவு தப்பாயிடுச்சுடா, ஒரு இஞ்சுதான்" என்றாள். "ஒரு இஞ்சுதானாக்கா?" என்று எழுந்து உட்கார்ந்தான். மறுவாரம் வேலைக்குப் போனான். அன்றிலிருந்து எல்லா பேன்ட்டும் அப்படித்தான்.

அவன் 'ஒரு இஞ்சு' என்று மாமாவிடம் சொல்லியிருப்பான். அளக்காமல் எதையும் நம்பாத மனுஷன் கொடியிலிருந்து பேன்ட்டை உருவி உள்காலை அளந்திருக்கிறான். பேன்ட்டும் அதே பொய்யைச் சொல்லியிருக்கிறது.

நின்றுகொண்டு ஓட்டுகிற வண்டி என்றானே. இரண்டு இஞ்சுக்கு ஒரு இஞ்சு வைத்தால் நிற்க முடியாது. உடம்பு இடது பக்கம் இழுக்கும். ஓட்ட முடியாமல் விட்டுவிடுவான். அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். கெஞ்ச வேண்டாம், சண்டை போட வேண்டாம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இந்த எண்ணம் அவளுக்கே பயமாக இருந்தது, ஆனாலும் அதை விரட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை ஓய்ந்திருந்தது. கொட்டகைக் கதவை அகலத் திறந்து, வண்டியைக் கிளாம்ப்புகளில் நேராக நிறுத்தியிருந்தார்கள். அவள் சமையலறை ஜன்னலில் நின்று ரொட்டி சுட்டாள். இரண்டு பக்கமும் கருகியது தெரியவில்லை.

தம்பி ஏறினான். ஹேண்டில்பாரைப் பிடித்து எழுந்து நின்றான். ரசமட்டம் நீளமான மட்டத்தை எடுத்து அவன் இடுப்புக்குப் பின்னால் பெல்ட்டில் வைத்தான்.

"மாப்ள, நேரா நில்லு."

"நேராத்தான் மாமா நிக்கிறேன்."

"இல்லியே, எடது பக்கம் எறங்குதே."

மட்டத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தான். துணியால் துடைத்துவிட்டு வைத்தான். தரையில் வைத்தான், ஃபுட்ரெஸ்ட்டுகளை மறுபடி அளந்தான். பாவம், வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கருவியையே சந்தேகப்பட்டு, பையிலிருந்து குட்டியை எடுத்துப் பெரியதோடு ஒப்பிட்டான்.

"கியரப் போட்டுப் பாரு."

தம்பி இடது குதிகாலைத் தூக்கினான். நுனிக்காலில் நின்று லீவரை எட்டினான். கால் வழுக்கியது. மாமாவின் தோளில் வந்து விழுந்தான்.

"நான் இதுக்கும் லாயக்கில்ல மாமா. கழட்டிப் போட்ருங்க."

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவனுடைய குரல். அவள் நினைத்தபடியே எல்லாம் முடிந்துவிட்டது. தம்பி இனி எந்த வண்டியிலும் ஏறமாட்டான். விழமாட்டான். தராசுக்குப் பக்கத்தில் பத்திரமாக உட்கார்ந்திருப்பான். அவள் அடுப்பை அணைத்தாள்.

கொட்டகைக்குள் அவள் வந்ததைப் பார்த்து இருவரும் ஒதுங்கினார்கள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவள் வண்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, டேப்பை வைத்து, காதோரம் செருகியிருந்த மார்க்கிங் சாக்பீஸால் இடது பக்கச் சட்டத்தில் ஒரு கோடு போட்டாள்.

"இங்க வைங்க."

ரசமட்டம் குனிந்து பார்த்தான். "இது ரெண்டு இஞ்சு வருதே. நான் அளந்துதானே வச்சேன்?"

"பேன்ட்டத்தானே அளந்தீங்க? கால அளந்தீங்களா?"

தம்பி அவளையே பார்த்தான். பிறகு சட்டையைத் தூக்கி, பெல்ட்டைக் கழற்றி, இடுப்புப் பட்டியை வெளிப்பக்கம் புரட்டினான். மடித்துத் தைத்த அந்த ஒரு இஞ்சை விரலால் நெருடினான். தகரத்திலிருந்து நேற்றைய மழை சொட்டிக்கொண்டிருந்தது.

"எல்லா பேன்ட்டுலயுமா?"

"எல்லாத்துலயும்."

"ஏன்க்கா?"

"நீ செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்ட. நான் வேற என்னடா பண்ணுவேன்?"

கோபித்துக்கொள்வான் என்றுதான் நினைத்தாள். கோபித்துக்கொள்ள அவனுக்கு உரிமை இருந்தது.

"ஒரு வார்த்தைய வச்சு உன்ன ஏமாத்தறோமேன்னு எனக்கு இத்தன நாளா சாப்பாடே எறங்கலக்கா" என்றான் அவன்.

"எங்கடா எறங்கல? எம்பங்கு முட்டையையும் சேத்துத்தானே தின்ன."

மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது, யாரும் முழுசாகச் சிரிக்கவில்லை. ரசமட்டம் கிரைண்டரை எடுத்துப் பழைய இணைப்பை அறுத்தான். புது இடத்தில் ஃபுட்ரெஸ்ட்டை வைத்து, துணி சுற்றி அவள் கையில் கொடுத்தான். "அசையாமப் பிடி. கண்ண மூடிக்க." மூடிய இமைக்குள்ளும் வெளிச்சம் நீலமாக வந்து போனது. பிறகு கியர் லீவரையும் அதற்கேற்ப ஏற்றினான்.

இரும்பு ஆறட்டும் என்று காத்திருந்தபோது தம்பி வீட்டுக்குள் போனான். திரும்பி வந்தபோது அரைக்கால் சட்டையில் இருந்தான். கட்டுப் பிரித்தபின் அவன் காலை அவள் வெளிச்சத்தில் பார்ப்பது அதுதான் முதல்முறை. ரசமட்டத்துக்கும் அப்படித்தான். தையல் போட்ட தழும்பு முழங்காலிலிருந்து கணுக்கால்வரை ஓடியது. கையிலிருந்த பேன்ட்டை அவளிடம் நீட்டினான்.

"இதப் பிரிச்சுத் தைச்சுடுக்கா. ரெண்டு இஞ்சும் கீழயே இருக்கட்டும்."

"பளிச்சுன்னு தெரியும்டா."

"தெரியட்டும்."

வண்டியில் ஏறி நின்றான். ரசமட்டம் மட்டத்தை இடுப்பில் வைத்தான். குமிழி இப்படியும் அப்படியும் அலைந்து, நடுவில் வந்து நின்றது. அவன் மட்டத்தை எடுக்க மனசில்லாமல் பிடித்துக்கொண்டே இருந்தான். அவள் டப்பா மேல் உட்கார்ந்து இடுப்புப் பட்டியைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"ரோட்டுப் பக்கம் எட்டிப் பாத்தேன்னு தெரிஞ்சுது..."

"சொன்ன சொல் சொன்ன சொல்தான்க்கா" என்று ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினான்.

அந்தச் சத்தத்தை அவள் மறக்கவில்லை. தகரக் கூரை அதிர்ந்து மிச்ச மழையெல்லாம் உதிர்ந்தது. யூனிஃபார்மை வாங்க வந்த பேக்கரிக்காரி சத்தம் கேட்டு நேராகக் கொட்டகைக்கே வந்துவிட்டாள். வண்டியைப் பார்த்தாள், மேலே நிற்கிறவனைப் பார்த்தாள், அவள் பார்வை காலுக்கு இறங்கி அங்கேயே நின்றது.

"அக்கா, தம்பிக்காக்கா இது?" என்று காதோரம் குனிந்து கத்தினாள். "கால் ஏன்க்கா இவ்வளவு குட்டையாருக்கு?"

"ரெண்டு இஞ்சு" என்றாள் அவள்.

"என்னது?"

"ரெண்டு இஞ்சுடி!"

"கேக்கலக்கா!"

வண்டி மேல் நின்றிருந்தவன் திரும்பாமலே இடது கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினான்.